என் புடவை நடித்த நாடகம்

இந்த நாற்காலியின் ஒரு கால் புல்தரைக்குள் இறங்கிக்கொண்டே போகிறது, நானும் அதோடு இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகிறேன், எழுந்து சரிசெய்யலாம் என்றால் எழுந்த மறுநிமிஷம் நாற்காலி இருக்காது, இலவச நாடகத்தில் அப்படித்தான், டிக்கெட் கிடையாது, நம்பர் கிடையாது, கர்ச்சீப் போட்டவர்களுக்கு இடம். நான் கர்ச்சீப்பும் கொண்டுவரவில்லை, அதனால் என்னையே போட்டு உட்கார்ந்திருக்கிறேன். "காத்தாட இருக்கும் அத்தை, சும்மா வந்து உக்காருங்க" என்றாள் அருள்மொழி, என் மருமகள். காற்றா? கத்திரி வெயில் நடக்கிறது, இந்த மாநகராட்சிப் பூங்காவில் ஒரு இலை அசையவில்லை, பகலெல்லாம் குடித்த சூட்டைத் தரை இப்போதுதான் மெதுவாக வெளியே விடுகிறது, அது என் கணுக்கால் வழியாக ஏறி முழங்காலில் வந்து நிற்கிறது. முன்னால் ஒரு தொப்பி. சூரியன் போன பிறகு தொப்பி என்னத்துக்கு என்று அந்த மனிதரைக் கேட்கலாம், கேட்டால் சண்டை வரும், சென்னைக்கு வந்ததிலிருந்து நான் யாரோடும் சண்டை போட்டதில்லை. இது போதாதென்று எங்களுக்கும் நாடகம் நடக்கப்போகிற இடத்துக்கும் நடுவில் நடைபாதை. பூங்காவைச் சுற்றி வருகிறவர்கள் அந்த வழியாகத்தான் வருவார்களாம், இன்று ஒரு நாள் பின்பக்கமாகத் திரும்பிப் போவோமே என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. கையை வீசிக்கொண்டு, ஷூவைத் தேய்த்துக்கொண்டு, சட்டைப் பையில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு குறுக்கே போகிறார்கள். இதோ அந்த மஞ்சள் டீஷர்ட் மறுபடியும் வருகிறார். இந்த ஆளுக்கு வீடு இல்லையா, வீட்டில் இவரைத் தேட ஆள் இல்லையா. அது என்ன கேள்வி, என்னைத் தேட யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம்.

நான் நாடகம் பார்க்க வரவில்லை. தீர்ப்பு கேட்க வந்திருக்கிறேன். காலையில் சிவநேசன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, குனிந்த தலையை நிமிர்த்தாமல், "அம்மா, ஊருக்குப் போறதா இருந்தா சொல்லும்மா, லீவு நேரம், டிக்கெட் கிடைக்காது" என்றான். பெற்ற பிள்ளை. நான் போகிறேன் என்று யாரடா சொன்னது என்று கேட்டேன். "அருள்தான் சொன்னா." அவனிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் வந்து ஏன் போறீங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். "ராத்திரி சொல்றேன்" என்றேன். அதனால்தான் இந்தச் சாயும் நாற்காலி. அவள் வாயால் இருங்க என்று ஒரு சொல் வந்தால் இருப்பேன், வராவிட்டால் கோவில்பட்டி. கோவில்பட்டியில் என்ன இருக்கிறது, பூட்டிய வீடு இருக்கிறது, அவர் போன பிறகு நான் ஒருத்தியே திறந்து ஒருத்தியே பூட்டிய கதவு இருக்கிறது, அந்தக் குளியலறை இருக்கிறது. கார்த்திகையில் அதில்தான் விழுந்தேன். பால்காரர் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதில் இல்லாமல், பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனது எனக்கு உள்ளே கேட்டது, என் குரல்தான் வெளியே போகவில்லை. அந்த ஈரத் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. "கொஞ்ச நாள் எங்களோட இரும்மா" என்று சிவநேசன் வந்து அழைத்துக்கொண்டு வந்தான். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால் எனக்குப் போக இஷ்டமில்லை. பயமாக இருக்கிறது. ஆனால் இருக்கட்டுமா என்று நானாகக் கேட்பேனா? செத்தாலும் கேட்க மாட்டேன். அவள் சொல்லட்டும். சொல்ல மாட்டேன் என்கிறாளே. பதிலுக்கு நாடகம் போடுகிறாள். மகன் வீட்டுக்கு வந்த ஒரு வயசான அம்மாவைப் பற்றி என்று சொன்னாள், வெங்காயம் உரித்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக. "எங்க நாடகத்துக்கு முடிவு கிடையாது அத்தை. கடைசியில நடிக்கிறவங்க கயித்தைத் தாண்டி ஜனங்ககிட்ட வந்து கேப்பாங்க, அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான் முடிவு." முடிவு எழுதச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். "நல்லாருக்கும்மா" என்று சொன்னேன்.

தொடங்கிவிட்டார்கள். மைக் ஒருமுறை வீறிட்டது, குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தரையில் நாலு குச்சி நட்டு ஒரு கயிறு, அதுதான் வீடாம். சறுக்கு மரத்துக்கு அடியில் ஒரு பாய், அது அந்த அம்மாவின் அறையாம். சறுக்கு மரத்தின் அடியிலா நான் இருக்கிறேன், ஜன்னல் உள்ள அறை, பேன் உள்ள அறை, எனக்குக் கொடுத்ததைக் கொடுத்தபடி காட்ட வேண்டாமா. மருமகளாக ஒரு தாடிக்காரன் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான், கூட்டம் அதற்கே கைதட்டுகிறது. மாமியார் எங்கே? தொப்பி வலது பக்கம் சாய்கிறது, நானும் வலது பக்கம் சாய்கிறேன், நாற்காலி இடது பக்கம்தான் வருவேன் என்கிறது, மஞ்சள் டீஷர்ட் குறுக்கே போகிறார், போனதும் பார்த்தால் மாமியார் வந்து நிற்கிறாள், தலையில் பவுடர் அடித்து நரைக்கவைத்த அருள்மொழி. என் புடவையில். ஒரு வாரமாகத் தேடுகிறேன், காப்பிப்பொடி நிறத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த சுங்குடி, கொடியில் பார்த்தேன், பீரோவில் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் மண்டியிட முடியாமல் மண்டியிட்டுப் பார்த்தேன், வேலைக்கு வருகிற பெண்ணின் கூடையைக்கூட ஓரக்கண்ணால் பார்த்துத் தொலைத்தேன். அது இங்கே நிற்கிறது. முந்தானையை இடுப்பில் செருகியிருக்கிறாள், நான் செருகுகிற மாதிரியே, நுனி மட்டும் வெளியே தொங்கும்படி. முழங்காலில் கையை ஊன்றி, "யப்பா" என்று எழுந்தாள். அந்த யப்பாவுக்குப் பூங்காவே சிரிக்கிறது. என் யப்பா. இத்தனை வருஷம் வலியில் வந்த சொல், அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இன்னும் இருக்கிறது. "காப்பி குடிக்கிறீங்களா அத்தை?" என்று தாடிக்காரன் கேட்கிறான். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்கிறாள் அருள்மொழி. அவன் டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பியதும் கழுத்தை நீட்டி டம்ளருக்குள் எட்டிப் பார்க்கிறாள். சிரிப்பு. "தோசை ஊத்தட்டுமா?" "நீங்க சாப்பிடுங்க, எனக்கென்ன." சிரிப்பு. "பேன் போடட்டுமா?" "எனக்கு எதுக்கு பேன்." முந்தானையால் விசிறிக்கொள்கிறாள். சிரிப்பு. காலிப் பால் கவரைக் கழுவிக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறாள், ஒன்று, இன்னொன்று, மேலும் ஒன்று, வீடே பால் கவராகத் தொங்குகிறது, ஒரு குழந்தை எழுந்து நின்று குதிக்கிறது. பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், நாற்பது நாற்பத்தைந்து இருக்கும், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "எங்க மாமியார அப்டியே உரிச்சு வெச்சிருக்காங்க. நான் புஷ்பலதா, ரெண்டாவது தெரு. கடலை எடுத்துக்கோங்கம்மா" என்று பொட்டலத்தை நீட்டினாள். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று என் வாய் சொன்ன அதே நேரத்தில் அங்கே அருள்மொழியும் எதற்கோ எனக்கு ஒண்ணும் வேண்டாம் என்றாள், இரண்டும் ஒரே குரலாகக் கேட்டது. புஷ்பலதா என்னைப் பார்த்தாள், அங்கே பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "நல்ல டைமிங்மா உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுக் கடலையை மென்றாள். அங்கே நிற்பது நான்தான் என்று இவளிடம் சொல்லவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது, போனால் தீர்ப்பு கேட்காமல் போனதாக ஆகிவிடும்.

கவனித்திருக்கிறாள். ஒன்றுவிடாமல் கவனித்திருக்கிறாள். நான் டம்ளரை எட்டிப் பார்த்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் ஒருநாள்கூட, அத்தை நடிக்காதீங்க, குடிங்க என்று அதட்டியதில்லை. அதட்டியிருந்தால் குடித்திருப்பேன். அவள் யாரையும் அதட்ட மாட்டாள். "சரி அத்தை", "உங்க இஷ்டம் அத்தை", "பரவாயில்ல அத்தை", கார்த்திகையிலிருந்து இந்த மூன்றும்தான். நானும் குறைச்சலா, "உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்பேன், "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்பேன். அவள் வழிவிடுவாள், நான் வழிவிடுவேன், சமையலறை வாசலில் இரண்டு பேரும் வழிவிட்டு வழிவிட்டு உள்ளே ஒருவரும் போகாமல் பால் பொங்கி வழிந்திருக்கிறது. அவள் எங்கள் மாமியாரிடம் வாக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கும் எனக்கும் உப்புக்குச் சண்டை, குழாய்த் தண்ணீருக்குச் சண்டை, விளக்குமாற்றை நிமிர்த்தி வைப்பதா சாய்த்து வைப்பதா என்று சண்டை, ஒருநாள் சண்டையில் பஸ்ஸைத் தவறவிட்டு டூட்டிக்குப் பாதி நாள் லீவு போட்டிருக்கிறேன். அந்த வீடு என் வீடா என்று ஒருநாள்கூட எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. என்னோடு மல்லுக்கு நிற்க அந்த அம்மாவுக்கு உரிமை இருந்தது, எனக்கும் இருந்தது. இங்கே கண்ணாடிப் பாத்திரம் மாதிரி என்னை ஓரமாக வைத்துத் துடைக்கிறார்கள். விருந்தாளியோடு யார் சண்டை போடுவார்கள். விருந்தாளி என்றைக்கு இருந்தாலும் கிளம்ப வேண்டியவள்தானே. கொசு வேறு. ஐஸ்கிரீம் வண்டிக்காரன் இப்போதுதான் மணியை அடிக்க வேண்டுமா.

இப்போது என்ன செய்கிறாள்? இடுப்பிலிருந்து ஒரு போனை எடுக்கிறாள். வேண்டாம். அது வேண்டாம் தாயே. ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம் அவளுக்கு எப்படித் தெரியும், தெரிய வழியே இல்லை, நான் அறையில் இருந்தேன், கதவைப் பாதிதான் திறந்து வைத்திருந்தேன், அவள் காதில் விழ வேண்டும் என்றுதான் பாதி திறந்து வைத்திருந்தேன். சாத்தூரில் இருக்கிற என் தங்கை சொர்ணத்தோடு பேசினேன். பேசினேன் என்றால், பேசவில்லை. போனில் சார்ஜ் இல்லை, செத்துக் கிடந்தது. செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் கெளம்பிருவேன் சொர்ணம், எனக்கென்ன, இங்க யாருக்கு நான் வேணும், அவுக அவுக வேலை அவுக அவுகளுக்கு" என்று வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன், நடுநடுவே சொர்ணம் பேசுவதற்கு இடம் விட்டு, ம், ம் என்று தலையாட்டி. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தவள் நான். ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணச் சேதியும் சாவுச் சேதியும் என் கை வழியாகத்தான் போயின, லைனில் உயிர் இருக்கிறதா இல்லையா என்று காதில் வைத்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள் செத்த போனில் நாடகம் போட்டேன். அவள் ஓடிவந்து, எங்கே போறீங்க அத்தை என்று கேட்பாள் என்று பார்த்தேன். பதிலுக்குச் சமையலறையில் மிக்ஸி ஓடியது. நான் நிறுத்தினேன், அதுவும் நின்றது, மறுபடி ஆரம்பித்தேன், அதுவும் மறுபடி ஓடியது. என் பேச்சைக் கேட்கக்கூடப் பிடிக்கவில்லை, மிக்ஸியைப் போட்டு மூடுகிறாள், அன்றைக்கே எனக்குப் பாதி தீர்ப்பு தெரிந்துவிட்டது.

அங்கே என் குரலில், என் இழுப்பில், "அடுத்த வாரம் கெளம்பிருவேன் செல்லம்மா" என்கிறாள் அருள்மொழி, போனைக் காதில் வைத்து, சறுக்கு மரத்தடியில் உட்கார்ந்து. பெயரை மட்டும் மாற்றிவிட்டாள், பெரிய உபகாரம். கயிற்றின் அந்தப் பக்கம் தாடிக்காரனின் போன் அடிக்கிறது, ஒரு பையன் வாயாலேயே டிரிங் டிரிங் என்கிறான். தாடிக்காரன் எடுக்கிறான். "சொல்லுங்க செல்லம்மா சித்தி. அத்தை போன் கிடைக்கலையா?" இந்தப் பக்கம் அவள், "ஆமா செல்லம்மா, இங்க யாருக்கு நான் வேணும்" என்கிறாள். அவன் தன் போனைப் பார்க்கிறான், அவளைப் பார்க்கிறான். "சித்தி... அத்தை இப்ப உங்ககிட்டதான் பேசிக்கிட்டு இருக்காங்க" என்கிறான். பூங்கா வெடித்துச் சிரித்தது. தொப்பிக்காரர் தொடையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறார், புஷ்பலதா என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், அவள் கைச் சூடு என் தோளில் இறங்குகிறது, எனக்குக் காது அடைத்துவிட்டது. சொர்ணம். அந்த நேரத்தில் சொர்ணமே கூப்பிட்டிருக்கிறாள். என் போன் செத்துக் கிடந்ததால் இவள் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். நான் சொர்ணம் சொர்ணம் என்று கத்திக்கொண்டிருக்க, சமையலறையில் இவள் சொர்ணத்தைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சொர்ணமும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை, கள்ளி. தெரிந்திருக்கிறது, அன்றிலிருந்து தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டே மறுநாள் காலையில், "தூக்கம் வந்துதா அத்தை" என்று கேட்டிருக்கிறாள். போகிறேன். இன்றைக்கே போகிறேன். டிக்கெட் கிடைக்காவிட்டால் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறேன். குளியலறையில் விழுந்து கிடந்தாலும் என்னைப் பார்த்துச் சிரிக்க அங்கே ஆள் கிடையாது.

எழுந்திருக்கப் பார்த்தேன், நாற்காலி விடவில்லை, புல்லுக்குள் நன்றாக இறங்கிவிட்டது. அதற்குள் அங்கே தாடிக்காரன், "அப்புறம் பேசறேன் சித்தி" என்று போனை வைத்துவிட்டு நிற்கிறான். சறுக்கு மரத்தடியிலிருந்து இன்னும் குரல் வந்துகொண்டே இருக்கிறது, "யாருக்கு நான் வேணும், யாருக்கு நான் வேணும்" என்று. அவன் ஓரடி அந்தப் பக்கம் எடுத்து வைக்கிறான், வாயைத் திறக்கிறான், மூடுகிறான், திரும்பி வருகிறான். ஸ்டூல் மேல் ஒரு மிக்ஸி. எங்கள் மிக்ஸி, மூடியில் ரப்பர் போய்விட்டதால் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டிய அதே ஜார். அவன் அழுத்திப் பிடித்து ஸ்விட்சைத் திருகினான், டிரிங் டிரிங் சொன்ன அதே பையன் இப்போது கர்ர்ர் என்று அடித்தொண்டையில் அரைக்கிறான், மறுபடி சிரிப்பு. நிறுத்தினான். மூடியைத் திறந்தான். ஜாரை எடுத்து எங்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தலைகீழாகக் கவிழ்த்தான். ஒன்றும் விழவில்லை. ஜாரில் ஒன்றும் இல்லை. திரும்ப மாட்டி, திரும்ப அழுத்திப் பிடித்து, வெறும் ஜாரை ஓடவிட்டு, அழுத்திய கைமேல் நெற்றியை வைத்துக் குனிந்துகொண்டான். தோள் குலுங்குகிறது. துப்பட்டா நழுவி ஸ்டூலில் கிடக்கிறது, எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. சிரிப்பு ஒவ்வொரு இடமாக நின்றுகொண்டு வந்தது. நடைபாதையில் மஞ்சள் டீஷர்ட் நின்றுவிட்டார், பையில் கைவிட்டுப் பாட்டையும் நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்ன சாப்பிட்டோம்? தோசை. தோசைக்கு என்ன? மிளகாய்ப்பொடி. எண்ணெய் ஊற்றிய மிளகாய்ப்பொடி, கிண்ணத்தின் நடுவில் குழி. இவ்வளவு நேரம் மிக்ஸி ஓடியதே, சட்னி எங்கே என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை, எனக்கென்ன என்று தின்றுவிட்டுப் போனேன். நாளைக்கு அரைத்து வைத்திருப்பாள் என்று நினைத்தேன், மறுநாள் எலுமிச்சை சாதம், அதற்கு மறுநாள் பாகற்காய். சட்னி வரவே இல்லை. அவள் கண் சிவந்திருந்தது, வெங்காயம் என்றாள், மிளகாய்ப்பொடிக்கு ஏது வெங்காயம். என்னை மூடுவதற்கு ஓட்டவில்லையா. அவளை மூடுவதற்கு ஓட்டினாளா. அப்படியானால் ஏன் வரவில்லை, ஓரடி எடுத்து வைத்தவள் ஏன் திரும்பினாள், இருங்க என்று ஒரு சொல், மூன்று எழுத்தோ நாலு எழுத்தோ, அதைச் சொல்வதற்கு என்ன கேடு, அதற்கு மிக்ஸி எதற்கு, ஒத்திகை எதற்கு, தாடிக்காரன் எதற்கு, இத்தனை பேர் கூடிய பூங்கா எதற்கு? எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, காது மடல் சுடுகிற மாதிரி கோபம். ஆறு மாதமாக என்னைத் தூங்கவிடாமல் செய்துவிட்டு, தானும் தூங்காமல் இருந்திருக்கிறாள், கழுதை.

அங்கே அருள்மொழி ஊருக்குக் கிளம்புகிற மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு கயிற்றின் ஓரத்துக்கு வந்துவிட்டாள். கயிற்றைத் தாண்டினாள். நடைபாதையைத் தாண்டினாள், மஞ்சள் டீஷர்ட் ஒதுங்கி வழிவிட்டார். கம்பியில்லாத மைக் கையில். "சொல்லுங்க, நான் போகட்டுமா, இருக்கட்டுமா?" என்று என் குரலில் ஊரைக் கேட்கிறாள். ஒரு கல்லூரிப் பெண், "போங்கம்மா, தனியா ஜாலியா இருங்க" என்றாள். தொப்பிக்காரர் ஒருவழியாகத் தொப்பியைக் கழற்றி, "பையன் என்ன சொல்றான்? அவனைக் கேளுங்க" என்றார். "பையன் டிக்கெட் போடவான்னு கேக்கறான்" என்று அவள் சொல்ல, மறுபடி சிரிப்பு. மஞ்சள் டீஷர்ட் மைக்கை வாங்கி, இப்போதெல்லாம் முதியோர் இல்லம் எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று ஆரம்பித்தார், யாரோ கூச்சல் போட்டு அவரை நிறுத்தினார்கள். போங்க, இருங்க, போங்க, இருங்க என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்துகிறது. பூங்காக் காவலாளி தூரத்தில் முதல் விசில் ஊதினார், மூடுகிற நேரமாம். அப்போது இந்த புஷ்பலதா எழுந்து கையை ஆட்டினாள். "இங்க குடுங்க, இங்க! இந்தம்மாவும் சொல்லட்டும். ஆரம்பத்துலேந்து ஒரு சிரிப்பு சிரிக்கல இவங்க!"

அருள்மொழி திரும்பினாள். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது போல. வந்து என் முன்னால் நின்றாள், என் புடவையில், வேர்வையில் பவுடர் கரைந்து நெற்றியில் வழிய. தோளில் ஊக்கு குத்தியிருந்தாள். சுங்குடியில் ஊக்கு குத்தினால் ஓட்டை விழும், நான் ஒருநாளும் குத்த மாட்டேன். "சொல்லுங்க" என்றாள். குரல் என் குரலாகவும் இல்லை, அவள் குரலாகவும் இல்லை. "போகட்டுமா... இருக்கட்டுமா?" மைக்கை நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம் என்று சொல்லத்தான் நாக்கு புரண்டது, முப்பது வருஷம் லைனில் பேசிய பழக்கம், மைக் என்றதும் குரல் தானாக நிமிர்ந்துகொண்டது. "இதை என்னத்துக்கு ஊரைக் கேக்கறே? வீட்டுல என்கிட்ட கேட்டா என்ன?" என்றேன். கூட்டம் ஓவென்று கைதட்டியது.

"நீங்க கேட்டீங்களா?" என்றாள் அவள். இது அவள் குரல். கார்த்திகையிலிருந்து நான் கேட்காத குரல். "சொர்ணம் சித்திகிட்டதானே சொன்னீங்க? அவங்க என் லைன்ல இருந்தாங்க அத்தை!"

"தெரிஞ்சுதுல்ல? தெரிஞ்சதும் வந்து இருங்கன்னு சொன்னா வாயில இருக்க முத்து உதிர்ந்துருமோ?"

"போறேன் போறேன்னு நிக்கிறவங்களை நான் எந்த உரிமையில பிடிச்சு வெக்கிறது? ஒருநாள், ஒரே ஒரு நாள், இது எனக்கு வேணும்னு வாயைத் திறந்து கேட்டிருக்கீங்களா? காப்பி வேண்டாம், பேன் வேண்டாம், தோசை வேண்டாம், எல்லாம் வேண்டாம்னா, நாங்க மட்டும் வேணும்னு எனக்கு எப்படி அத்தை தெரியும்?" மைக் என் கையில் இருந்தும் அவள் கத்தியது கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

"அதுக்கு வெறும் மிக்ஸியை ஓட்டுவியா? மோட்டார் புகைஞ்சு போனா காலையில எதுல அரைக்கிறது?"

"அழுதது உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் ஓட்டினேன்!"

"எனக்குக் கேக்காம நீ என்னத்துக்கு அழறே? அப்புறம் நான் எதுக்கு அந்த வீட்டுல இருக்கேன்? சொல்லாம கொள்ளாம புடவையை வேற தூக்கிட்டு வந்திருக்கே, அதுல ஊக்கு வேற."

"கேட்டா என்ன சொல்லிருப்பீங்க? எனக்கெதுக்கும்மா, நீயே வெச்சுக்கோன்னு குடுத்திருப்பீங்க. எனக்கு அது வேண்டாம். நீங்கதான் அதைக் கட்டிக்கணும், அதான் கேக்கல!" என்று சொல்லிவிட்டு என் முந்தானையாலேயே மூக்கைத் துடைத்தாள்.

இரண்டாவது விசில். காவலாளி கிட்டத்திலேயே வந்துவிட்டார், "முடிங்கம்மா, கேட்டைப் பூட்டணும்" என்றார், அவரும் போகாமல் நின்று பார்த்தார். புஷ்பலதா கைதட்டி ஓய்ந்து, "நீங்களும் அவங்க குரூப்பா? முன்னாடியே சொல்லவே இல்லையே, என்னமா நடிக்கிறீங்க" என்றாள். தொப்பிக்காரர் தன் நாற்காலியை எங்கள் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் எழுந்து நின்றேன், எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, நாற்காலி சாய்ந்து விழுந்தது, விழட்டும். பால் கவர் விஷயம் பாக்கி இருக்கிறது, கயிறு நிறையக் கவரைத் தொங்கவிட்டு என்னைக் கேவலப்படுத்திய விஷயம், அதை எடுப்பதற்காக மூச்சை இழுத்தேன். அவளும் எதையோ எடுக்க இடுப்பில் கையை வைத்துவிட்டாள். அப்போது பார்த்து என் மடிப்பையில் போன் அடித்தது, சிவநேசன். ஒரு கையில் மைக், ஒரு கையில் போன், இரண்டையும் பிடித்துக்கொண்டு எடுத்தேன். "அம்மா, டிக்கெட் போடவா வேண்டாமா, ஒண்ணு சொல்லும்மா" என்றான்.

"வைடா போனை" என்றேன். மைக் வாய்க்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது, பூங்கா முழுக்கக் கேட்டது. "நானும் அருளும் சண்டை போட்டுக்கிட்டிருக்கோம்."